சனிக்கிழமை முழுக்கூலி

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் சாட்சியில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எழுந்து நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து நடந்தவர்களின் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு, நான் பல வருடம் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மனம் புழுங்கியிருக்கிறேன். என் ஜெபம் மட்டும் மேலே போகவில்லை போலிருக்கிறது என்று ஆண்டவரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனாலும் அவர் எனக்கு ஒன்று செய்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1976ஆம் வருடம், மழைக்காலம். என் கணவர் பட்டு நெய்கிறவர். ஆரணியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தரையில் குழி வெட்டிக் குழித்தறி போட்டிருந்தார். ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி இவ்வளவுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் பள்ளிக்கூட டீச்சர். நான் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். போனால் அவரை யார் பார்ப்பது?

பாத்திரம் துலக்க ஆள் கிடைத்தது, துணி துவைக்க ஆள் கிடைத்தது. வயது வந்த ஓர் ஆண்பிள்ளையைப் புரட்டிக் கழுவிவிட எந்தப் பெண் வருவாள்? வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் அவரைக் கதவு சாத்தி விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வேறு என்ன செய்ய?

ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் படுக்கையில் ஆள் இல்லை. தறிக்குழிக்குள் விழுந்து கிடந்தார். எப்படி ஊர்ந்து அங்கே போனாரோ. உடம்பெல்லாம் அசிங்கம். எறும்பு மொய்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தனியாக அவரைத் தூக்க என்னால் முடியவில்லை. நானும் குழிக்குள் இறங்கி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஆண்டவரே, ஒன்று எங்கள் ரெண்டு பேரையும் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஓர் ஆளை அனுப்பும்!"

அடுத்த வாரம் குப்பம்மா வந்தாள். பக்கத்துச் சேவூர்க்காரி. என் வயதுதான் இருக்கும். புருஷன் ஒரு பட்டு முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவன் என்றாள். வேலையை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "இன்னா டீச்சரம்மா, கொழந்தைக்கு செய்யறதில்லியா? அப்பிடி நெனச்சிக்கினு செஞ்சிட்டா போவுது" என்று சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள். சாயங்காலம் வந்து பார்த்தேன். குளித்து, தலைசீவி, வெள்ளை வேட்டியில் என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குப்பம்மா சேவூர் வம்பெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே கஞ்சி ஊட்டினாள். அவர் பாதி வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அன்றிலிருந்து எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இவள் போய்விட்டால்? நெசவாளர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். நல்ல நெசவாளியை விட்டுவிடக்கூடாது என்றால் இந்த ஊர் முதலாளிகள் என்ன செய்வார்கள்? கை நிறைய முன்பணம் கொடுப்பார்கள். கனத்த முன்பணம் வாங்கினவனுக்குத்தான் தெருவில் மதிப்பு என்று பார்த்து வளர்ந்தவள். எனக்கும் அதுதான் தோன்றியது. சும்மா கிடந்த தறியை விற்றேன். ஆட்கள் அதைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது என் கணவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பணத்தை அப்படியே குப்பம்மா கையில் வைத்து, "இந்தா, அட்வான்ஸ். நீ எங்கயும் போகக்கூடாது" என்றேன். அவள் முகம் வெளுத்துப் போனது. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"பணத்த சுருட்டிக்கினு போயிட்டா" என்றது தெரு. போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் சபை மூப்பர் ஒருவர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் நான் லீவு போட்டு வீட்டில் கிடந்தேன். லீவு தீர்ந்தது. இனி சம்பளம் கிடையாது, வேலையும் நிச்சயமில்லை என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பினார். என் கணவரின் முதுகில் படுக்கைப் புண் வைத்தது. உபவாசமிருந்து ஜெபித்தேன். அது ஜெபமா, குப்பம்மாவுக்குச் சாபமா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அப்படி முழங்காலில் இருந்தபோது அவளுடைய வெளுத்த முகம் என் கண்முன் வந்து வந்து நின்றது. திருடுகிறவள் முகம் அப்படி இருக்குமா? "நீயே போய்ப் பார்" என்று யாரோ உள்ளே சொன்னது போலிருந்தது. கணவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, சேவூருக்குப் பஸ் ஏறினேன்.

ஒற்றை அறை வீடு. உள்ளே தறிச் சத்தம். குப்பம்மாவின் மகள் செல்வி, பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை, தகப்பனோடு தறியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் குப்பம்மா ஓடிப்போய் அந்தப் பிள்ளையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"டீச்சரம்மா, பணம் வந்தத மொதலாளி மோப்பம் புடிச்சிட்டாரு. பழைய அட்வான்சுக்கு வட்டின்னு புடுங்கிக்கினாரு. ஒரு பைசா இல்ல. நானே வந்து சாவற வரைக்கும் ஒழைச்சிக் கழிக்கிறேன். பொண்ண மட்டும் கேக்காதீங்கம்மா."

அவள் புருஷன் வாங்கிய முன்பணம் வருடக்கணக்காகக் கழியவில்லை. வேறு முதலாளியிடம் போக முடியாது. அதைக் கழிக்கத்தான் இந்தப் பிள்ளை தறியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அன்பு என்று நினைத்துக் கொடுத்தது அவளுக்கு இன்னொரு விலங்கு. என் கணவரின் தறியை விற்ற பணம் யாரோ ஒரு முதலாளியின் பெட்டிக்குப் போய்விட்டது. உள்ளுக்குள்ளே, "ஆண்டவரே, இவள் என்னை நம்ப வேண்டும், அதைச் செய்யும்" என்று மட்டும் கேட்டேன்.

"அது போவட்டும் குப்பம்மா. அத நான் விட்டுட்டேன். இனிமே அட்வான்சே கெடையாது. நீ வந்தா சனிக்கெழம சனிக்கெழம முழுக்கூலி. ஒரு பைசா புடிக்க மாட்டேன்."

"மொதல்ல எல்லாரும் அப்பிடிதாம்மா சொல்றாங்க" என்றாள்.

ஆனாலும் திங்கட்கிழமை வந்தாள். என் கணவர் அவளைப் பார்த்து ஓவென்று அழுதார். அந்தச் சனிக்கிழமை கூலியைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றாள். "பிடித்தம் எவ்ளோம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கேட்டாள். பல மாதம் கேட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சம்பளம் தள்ளிப்போன மாதங்கள் உண்டு. அப்படி ஒரு சனிக்கிழமை கையில் ஒன்றுமில்லை. என் கணவர் இடது கையை நீட்டிப் பெட்டியைக் காட்டினார். கல்யாணத்துக்கு எனக்கென்று அவரே நெய்த புடவை அதில் இருந்தது. பழைய ஜரிகை வாங்குகிறவன் எடை போட்டு வாங்கிக்கொண்டு போனான். அதை எரித்து வெள்ளியைத்தான் எடுப்பார்கள். குப்பம்மாவுக்கு அன்றைக்கும் முழுக்கூலி போனது.

அவள் பிறகு ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. வீட்டுச் சாவியே அவளிடம்தான். ஆனால் செல்வியை மட்டும் அழைத்து வரமாட்டாள். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கூப்பிட்டாலும், "அவளுக்கு வேல கீதும்மா" என்று தட்டிக் கழிப்பாள். என் ஜெபம் இன்னும் பாதியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

1983இல் என் கணவர் கர்த்தரிடம் போனார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வாயில் கடைசித் தண்ணீர் விட்டவள் குப்பம்மா. குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டினவளும் அவள்தான். அடக்கம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். அந்த வீட்டில் கழுவ ஆளில்லை, ஊட்ட ஆளில்லை. வந்த சனிக்கிழமை, குப்பம்மாவுக்குக் கடைசிக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். வாசலில் குரல் கேட்டது. குப்பம்மா நின்றாள். பக்கத்தில், வளர்ந்து பெரியவளாகிவிட்ட செல்வி.

"டீச்சரம்மா, இவளுக்கு தை மாசம் கல்யாணம். அட்வான்ஸ் குடுங்க."

என் காதில் விழுந்தது நிஜமா என்று தெரியவில்லை. "வீட்ல வேலயே இல்லியே குப்பம்மா" என்றேன்.

"ஐயா போனதிலேர்ந்து நீங்க ஒரு வாய் சாப்புடல. அது வேல இல்லியா? அட்வான்ஸ் வாங்கிக்கினா நீங்க என்னப் போவச் சொல்ல முடியாதில்ல" என்று சொல்லிவிட்டு, செல்வியை என் அடுப்படிக்குள் அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். அழுது ஸ்தோத்திரம் பண்ணினேன். என் கணவர் நடக்க வேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் தரவில்லை. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. இவள் என்னை நம்ப வேண்டும் என்று சேவூரில் கேட்டதைத் தந்தார். ஏழு வருடம் எடுத்துக்கொண்டார், ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தந்தார்.

பிரியமானவர்களே, ஜெபித்துவிட்டுச் சோர்ந்துபோயிருக்கிறவர்கள் இதை வாசித்தால், விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவளுக்கு இந்தச் சனிக்கிழமை கூலியைப் பிடிக்காமல், தள்ளிப்போடாமல் கொடுங்கள். அடுத்த சனிக்கிழமையும் கொடுங்கள். கர்த்தர் அந்த வாசலில்தான் எனக்குப் பதில் சொன்னார்.

குப்பம்மா இன்றும் காலையில் வந்து என்னைச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்கிறாள். அந்த அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை. கழிக்கும் எண்ணம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.