அந்தக் கட்டிலில் கிடந்த பிள்ளை

சபையாருக்கு என் தோத்திரம். அழாமல் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன். முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், தீபாவளி சீசன். என் ஒரே மகள் எஸ்தர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் வெடிமருந்து வேலைக்குப் போகும் பெண்கள், வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டையை உடுப்புக்கு மேலே மாட்டிக்கொள்வார்கள். எஸ்தர் போட்டது இறந்துபோன அவள் அப்பாவின் காக்கிச் சட்டை. கிழிந்த காலரை நான்தான் நீல நூலால் தைத்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. ஓடுவோம். நான் போய்ச் சேர்வதற்குள் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தீக்காய வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். முகம் வீங்கி, முடி கருகி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு கட்டிலுக்குக் கீழே, வெட்டி எடுத்துப் போட்ட காக்கிச் சட்டை கிடந்தது. காலரில் நீல நூல். இதுதான் என் மகள் என்று சிஸ்டரிடம் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டை வெந்து அவளால் பேச முடியவில்லை. எஸ்தர் என்று கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். வலியில் ஆட்டுகிறாள் என்று நினைத்தேன். இளநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். விசிறினேன். "இந்தக் கட்டில்ல கிடக்கிற பிள்ளயக் காப்பாத்தும் ஆண்டவரே, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று ஓயாமல் ஜெபித்தேன்.

மெதுவாக அவள் தேறினாள். கெட்டியான சட்டை என்பதால் நெஞ்சுப் பக்கம் தப்பித்தது, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று நான் அந்தத் தரையிலேயே முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். அன்றைக்குத்தான் அவளுக்கும் குரல் வந்தது.

"யம்மா, நான் உங்க மக இல்லம்மா. பாண்டியம்மா. எனக்குச் சட்ட இல்லன்னு எஸ்தரக்காதான் கழட்டிப் போட்டுவிட்டுச்சு."

காரியாபட்டியில் இருந்து வேலைக்கு வந்த, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அவளுடைய சித்தி வீட்டார், செத்துப்போன என் எஸ்தரின் உடலைப் பாண்டியம்மா என்று நம்பி வாங்கிப்போய், கன்னிப் பிள்ளை என்பதால் எரிக்காமல் புதைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். வைத்த மாலைகூடக் காய்ந்துவிட்டது. நான் இல்லாமலே என் பிள்ளைக்கு எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கேட்டதைக் கேட்டபடியே கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டீரே என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். இனி நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து ஆள்தான் வந்தது. சித்தி வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவள் திரும்பவில்லையாம். அந்தப் பிள்ளை யார் கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லையாம். என்னால் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகு வீட்டில் உட்காரவும் முடியவில்லை. பஸ் ஏறினேன்.

கஞ்சி ஊட்டினேன். அழுதுகொண்டேதான் ஊட்டினேன். அன்பினால் போனேன் என்று உங்கள் முன்னால் பொய் சொல்ல மாட்டேன். என் மகள் ஏன் இல்லை, இவள் ஏன் இருக்கிறாள் என்று ஒவ்வொரு வாய்க்கும் மனசு கேட்டது. அன்பு பின்னால்தான் வந்தது, மெள்ள மெள்ள.

பாண்டியம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். விரல்கள் சரியாக மடங்காது. எங்கேயாவது வெடித்தது என்று தெரிந்தால், தீக்காயக்காரர்களுக்கு விரிக்கப் பழைய வேட்டிகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வார்டுக்குப் போவோம். அவள் முகத்தைப் பார்த்ததும் தாங்களும் பிழைப்போம் என்று சிலருக்குத் தைரியம் வருகிறது. என் துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று நான் இப்போது கேட்பதில்லை.

நீங்கள் கேட்டது கிடைக்காமல் போயிருக்கலாம். ஆண்டவரை விட்டுவிடாதீர்கள். கோபத்தோடாவது அவரிடம் பேசுங்கள். பக்கத்தில் யாராவது பசியாய்க் கிடந்தால் முதலில் போய் ஊட்டிவிடுங்கள்.

போன சீசனில் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து போட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டார்.

"நான் இருக்கேன்" என்றேன்.