கல்லறை வேண்டாம் என்று எழுதியவர்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஹெர்பர்ட்டின் வீட்டை விசாரித்தால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "அந்த சார்ட் வீடா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டுவார்கள். கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் வரைந்த படம் தொங்குகிறது. இடது ஓரத்தில் ஆதாம், வலது ஓரத்தில் புதிய எருசலேம். நடுவில் சபையின் காலம், விசுவாசிகள் மேகத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படும் நாள், ஏழு வருஷ உபத்திரவம், கிறிஸ்து பூமியை ஆளப்போகிற ஆயிரம் வருஷம், கடைசியில் வெள்ளைச் சிங்காசனம். பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திர வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கை போட்ட கோடுகள். கோணல் என்பதே அந்தக் கைக்குத் தெரியாது. மனுஷனுக்கும் தெரியாது, கஷ்டமே அங்கேதான் ஆரம்பித்தது.

ஜோகுபாளையத்தில் பிறந்தவர். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய தேவாலயத்தில் ஞானஸ்நானம், அங்கேயே பிரிஜெட்டோடு கல்யாணம். 1989இல் மூத்த பிள்ளை யூஜின் மூன்று மாசத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், சுவரோரமாக, ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அந்த வருஷம்தான் யாரோ பஸ்ஸில் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தை ஹெர்பர்ட் படித்தார். கடைசிக் காலம் வந்துவிட்டது, எக்காளம் தொனிக்கும், மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள் என்று போட்டிருந்தது. தீர்க்கதரிசனத்தில் பைத்தியம் பிடித்தவர் என்று பிற்பாடு ஊர் சிரித்தது. சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த ஆளுக்குப் பிள்ளை திரும்ப வேண்டியிருந்தது, அதுவும் சீக்கிரமாக.

அப்படியிருக்கும்போது, ஆயிரம் வருஷம் என்பது கணக்கு அல்ல, அது ஒரு அடையாளம், இப்போதே நடந்துகொண்டிருக்கிறது என்று ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்தால் எப்படி இருக்கும்? ஹெர்பர்ட் ஆராதனை நடுவிலேயே எழுந்து நின்றார்.

"ஆயிரம்னா ஆயிரந்தான் ஐயா. டிராயிங்ல போட்ட அளவை அடையாளம்னு சொன்னா பாலம் நிக்குமா?"

அன்றைக்கே வெளியேறி, லிங்கராஜபுரத்தில் ஒரு மாடியில் கூடின சின்னச் சபையில் சேர்ந்தார். பழைய டிரான்சிஸ்டரின் ஏரியலைக் குச்சியாக நீட்டி, வாராவாரம் சார்ட்டை விளக்கினார். ஒவ்வொரு ஜெபத்தையும் ஒரே வரியில்தான் முடிப்பார்: "ஆண்டவரே, சீக்கிரம் வாங்க." கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவது வேதத்தில் இல்லை என்று, வருஷம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த பிரிஜெட்டையும் நிறுத்திவிட்டார். அவள் அழுதாள், அப்புறம் கேட்டுக்கொண்டாள்.

2004இல் பழைய தேவாலயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நகரத்தில் புதைக்க இடம் இல்லாததால், பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்பது அங்கே வழக்கம்: இந்தக் குழி உங்கள் குடும்பத்துக்குத் தொடர்ந்து வேண்டுமா, விட்டுக்கொடுக்கிறீர்களா? வேண்டும் என்றால், வீட்டில் அடுத்து யார் போனாலும் அதே குழியைத் திறந்து வைப்பார்கள். 1967இல் எருசலேம் யூதர் கைக்கு வந்தது, அதிலிருந்து நாற்பது வருஷம், ஒரு தலைமுறை, 2007க்குள் ஆண்டவர் வருவார் என்று ஹெர்பர்ட் அப்போது கணக்குப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து பதில் எழுதினார். "எங்களுக்குக் கல்லறை தேவையில்லை. மரணத்தைக் காணுமுன்பே நாங்கள் ஆகாயத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவோம். தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடவும்." அதன் நகலைச் சகோதரர் கூட்டத்தில் சாட்சியாக வாசித்தார். கூட்டமே அல்லேலூயா என்றது. பிரிஜெட்டிடம் சொல்லவில்லை. மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அவளிடம் கேட்க வேண்டிய காரியமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அந்த மனுஷன்மேல் ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

2007 வந்தது. ஆண்டவர் வரவில்லை, பெங்களூருக்கு மெட்ரோ வேலைதான் வந்தது. ஹெர்பர்ட் கணக்கைத் திருத்தினார். சார்ட்டில் நாம் இருக்கும் காலத்துக்கு ஒரு விரல் அகலம்தான் விட்டிருந்தார், அது தீர்ந்துபோயிற்று. பிரிஜெட் அந்த இடத்தில் துணியை வெட்டி, ஒரு சாண் புதுத் துணியை மிஷினில் வைத்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். இப்படி மூன்று தடவை.

"ஏங்க, இன்னும் எவ்ளோ துணி வேணும்?" என்று ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்பாள். கேலியா, நிஜக் கேள்வியா என்று அவருக்குப் பிடிபட்டதே இல்லை.

போன வருஷம் பிரிஜெட்டுக்கு வயிற்றில் கட்டி. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். டீச்சராக இருக்கிற மகள் லவினா லீவு போட்டு வந்து, கூடத்தில் சார்ட்டுக்கு எதிரே கட்டிலைப் போட்டாள். ஒருநாள் காலையில் பிரிஜெட் தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சள் கம்பளிக் குல்லா ஒன்றை எடுத்தாள். யூஜினுக்குப் பின்னினது.

"என்னைப் பிள்ளை குழியிலயே வெச்சிடுங்க. எக்காளம் ஊதறப்போ அவன் தனியா எழுந்திருக்கக் கூடாது. கழுத்தே நிக்கலியே அவனுக்கு, யாரு தாங்கிப் புடிப்பாங்க?"

உயிர்த்தெழும் சரீரம் மகிமையானது, அதற்குக் கழுத்துப் பிரச்சினையெல்லாம் கிடையாது. வேறு யாராவது கேட்டிருந்தால் ஏரியலை நீட்டி வசனத்தோடு திருத்தியிருப்பார். இவளைத் திருத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

தேவாலய ஆபீஸில் பிரபா என்ற பெண் கோப்பைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், இது நீங்க எழுதினதுதானே?"

கேட்கவே வேண்டாம். அச்சு மாதிரி டிராஃப்ட்ஸ்மேன் எழுத்து. கடிதத்தின் கீழே வேறு கையில் ஒரு குறிப்பு: 2009, வேறு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது.

தோட்டத்துக்கு நடந்தார். பிள்ளையைப் புதைத்த சுவரோரம் கறுப்புக் கல், அதில் யாரோ ஒருவரின் பெயர், பிளாஸ்டிக் பூ. குழி வெட்டும் முனிராஜ் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். பழைய குழியைத் திறந்தால் எலும்பைத் துணியில் கட்டி அடியிலேயே வைப்பார்கள் என்று ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். அதைத்தான் கேட்டார்.

"சின்னக் கொழந்தைங்க எலும்பு நிக்காது சார். நான்தான் தோண்டினேன். ஏனூ இல்ல, ஒண்ணுமே இல்ல, வெறும் மண்ணு."

எங்கே புதைத்தாலும் ஆண்டவருக்குத் தெரியும் என்று எத்தனை வீடுகளில், எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னவர்! அந்த வார்த்தையைத் தனக்கே சொல்லிப் பார்த்தார். அது நாக்கோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை.

வீட்டில் பிரிஜெட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போனீங்களா? என்ன சொன்னாங்க?"

"சரின்னுட்டாங்க" என்றார் ஹெர்பர்ட்.

ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தாளையே கிழித்துப்போடுகிற மனுஷன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. பிரிஜெட் சிரித்தாள். அன்றைக்கு அரை டம்ளர் கஞ்சி கூடுதலாகவே குடித்தாள். எட்டாம் நாள், அவள் தூங்குகிறாள் என்றுதான் லவினா முதலில் நினைத்தாள்.

சபைக்கு ஹொசகோட்டெ தாண்டி, தைல மரங்களுக்கு நடுவே, புதைப்பதற்கென்று ஒரு துண்டு நிலம் உண்டு. வண்டி அந்தப் பக்கம் திரும்பியதும் லவினா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"டாடி, மம்மிகிட்ட சரின்னுட்டாங்கன்னுதானே சொன்னீங்க?"

ஹெர்பர்ட் எல்லாவற்றையும் சொன்னார். கடிதம், சாட்சி, கறுப்புக் கல், வெறும் மண். லவினா திட்டவில்லை, அழவுமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் இன்றுவரை அவள் அவரை டாடி என்று கூப்பிட்டுப் பேசவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்குப் பெட்டியை இறக்கினார்கள். மூடுவதற்கு முன்னால் லவினா அந்த மஞ்சள் குல்லாவை அம்மாவின் இடது கைக்குள் வைத்து விரல்களை மடக்கியிருந்தாள். பாடி முடித்ததும் சபை மூப்பர் ரயான், "பிரதர், நீங்களே ஜெபம் பண்ணி முடிங்க" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். ஹெர்பர்ட் நன்றி சொன்னார், பிரிஜெட்டின் பொறுமையைச் சொன்னார், கடைசி வரிக்கு வந்தார். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்ட வரி. அதற்கு ஆமென் சொல்லக் கூட்டம் காத்திருந்தது.

அவர் காதுக்குள் எக்காளம் தொனித்தது. கண்ணுக்கு முன்னால், தைல மரங்களுக்கு நடுவே பிரிஜெட் எழுந்து உட்கார்ந்தாள், குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து மண்ணைத் தடவித் தடவித் தேடினாள். அப்புறம் நிமிர்ந்து, பிள்ளை எங்கே என்று அவரைக் கேட்டாள்.

"ஆண்டவரே" என்றார் ஹெர்பர்ட்.

"வராதீங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. முனகல் மாதிரி ஏதோ கேட்டது, துக்கத்தில் வாய் குழறிவிட்டது என்று நினைத்து ரயான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். ஹெர்பர்ட் மறுபடியும், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வராதீங்க ஆண்டவரே. அவ கேட்பா."