தூண்டில் கடைக்காரர் கேட்ட கேள்வி

பெரிய ஏரியில் படகெடுத்து டோரே மீனும் பாஸ் மீனும் பிடிக்கத் திட்டம் போட்டு, நானும் மனைவியும் தூண்டில் வாங்க லவால் நகரில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்தவர். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“டோரே எந்த ஆழத்தில நிக்கும், அண்ணை?” என்றேன்.

துடைத்தார். “அதைப் பேந்து கதைப்பம். உங்களில ஆருக்கு நீந்தத் தெரியும்?”

தெரியாதென்று இருவரும் தலையாட்டினோம். என் கையிலிருந்த விலை கூடிய தூண்டிலை வாங்கி வைத்துவிட்டு, மலிவான ஒன்றையும் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளையும் தந்தார்.

ஏரியில் காற்றெழுந்து படகு ஆடியதில் மனைவி தண்ணீருக்குள் விழுந்தாள். ஜாக்கெட் அவளை மிதக்க வைத்தது; இழுத்து ஏற்றினேன்.

பிடித்த ஒரேயொரு பாஸைக் கடைக்காரருக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

“நான் சைவம்,” என்றார். ஆனால் மீனைத் திருப்பித் தரவில்லை. அதை என்ன செய்தாரோ, இன்னும் யோசிக்கிறேன்.