சூரியத்தட்டுக்கு ஸ்டாண்டு போட்ட ராமசுப்பு

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இரும்புக் கட்டிலும் ஜன்னல் கம்பியும் செய்துகொண்டிருந்த ராமசுப்புவுக்கு வேலை நன்றாக வரும். ‘தெரியாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. யார் எதைச் செய்யச் சொன்னாலும், “அதுவா, நாலு போட்டிருக்கேனே” என்பார்.

ஒரு துணிக்கடைக்காரர் மாடிக்கு வட்டப்படி வேண்டும் என்றபோதும் அப்படித்தான் சொன்னார். அதுவரை அவர் வட்டப்படியில் ஏறியதுகூட இல்லை. படி என்னவோ அழகாகத்தான் வந்தது. சுற்றிச் சுற்றி மேலே போய் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றது. கதவு அதற்கு நேர் பின்னால் இருந்தது. துணிக்கடைக்காரர் மூன்று நாள் திட்டினார். நாலாம் நாள் படியை விட்டுவிட்டுக் கதவை மாற்றிக்கொண்டார். திட்டு வாங்கும்போது ராமசுப்பு அத்தனை பவ்யமாகத் தலையாட்டுவார். திட்டுகிறவருக்கே அலுத்துப்போகும்.

1985 ஆனி மாதம் முகம்மது மைதீன் பட்டறைக்கு வந்தார். கடையநல்லூர்க்காரர், சங்கரன்கோவிலில் புதிதாக மாடிவீடு கட்டிக் குடிவந்திருந்தார். வளைகுடா நாட்டில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் வேலை. அவருடைய வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது. பாலைவனத்தில் வரிசையாக நிற்கும் சூரியத்தட்டுகளில் படிகிற மணலைத் துடைப்பது. ஆறு வருஷமாகக் காலையிலிருந்து சாயந்தரம்வரை துடைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி புதுத் தட்டுகள் மாட்டியபோது பழைய தட்டு ஒன்றை அவருக்குக் கொடுத்தது. அதை இரண்டு கம்பளியில் சுற்றி, சொந்தக்காரர்களுக்கு வாங்க வேண்டிய பொருள்களைக் குறைத்துக்கொண்டு, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலடி நீளம், ஒரு அடி அகலம், கருநீல நிறம். அதைத் தாங்கி நின்ற ஸ்டாண்டு கனமாக இருந்ததால் அங்கேயே விட்டுவிட்டார்.

“இத வெயில்ல வச்சா கரண்டு வரும் அண்ணாச்சி. பேட்டரியில சேத்து வச்சுக்கிட்டா, கரண்டு போற நேரத்துல டியூப்லைட் எரியும். வீட்டு மேல தட்டட்டியில நிறுத்தணும். இதுமாரி ஸ்டாண்டு முன்னால செஞ்சிருக்கியளா?”

“சூரியத்தட்டு ஸ்டாண்டா? நாலு போட்டிருக்கேன் பாய்.”

மைதீன் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “நாலா! நம்ம பக்கத்துல இது ஒண்ணுதான்னுல்லா நெனச்சேன்! எங்க போட்டிய?”

“சிவகிரியில...”

“சிவகிரியா? என் மாமனார் ஊருல்லா அது! யாரு வீட்டுல?”

“சிவகிரின்னா சொன்னேன்? பனவடலிசத்திரம் பாய். நம்ம தங்கச்சி மாப்பிள்ள காளிராஜ் வீட்டுலதான்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. இப்பம் சிவகிரிக்குத்தான் போறேன். மூணு வாரத்துல வந்துருவேன். வந்ததும் ரெண்டு பேரும் பனவடலிசத்திரம் போயி பாத்துருவோம். நீங்க போட்டத ஒருக்கா பாத்துட்டா எனக்கும் ஒரு தைரியம்.” தட்டோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ராமசுப்பு அந்தக் காகிதத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் இசக்கியம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

“கண்ணாடிய மறந்து வச்சுட்டு வந்துட்டேன் டீச்சர். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க.”

“நீ எப்ப ராமசுப்பு கண்ணாடி போட்ட?”

“வாங்கணும்னு இருக்கேன் டீச்சர்.”

டீச்சர் வாசித்தார். தட்டு தெற்கே பார்த்து இருக்க வேண்டும். எந்த நிழலும் விழக்கூடாது. அடியில் காற்றுப் போக இடம் வேண்டும். பெருங்காற்றுக்கு அசையக்கூடாது. ஊர் எத்தனை டிகிரி அட்சரேகையில் இருக்கிறதோ, அத்தனை டிகிரி சாய்க்க வேண்டும்.

“நம்ம ஊரு ஒன்பது டிகிரி” என்றார் டீச்சர்.

“நம்ம ஊரா? கோடையில நூறு டிகிரியில்லா அடிக்குது?”

டீச்சர் பெருமூச்சு விட்டுவிட்டு ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தார். கோணமானியை வைத்துக் கோடு போட்டு, அளந்து, கணக்குப் பார்த்தார். “நாலடித் தட்டுக்குப் பின்பக்கம், முன்பக்கத்த விட ஏழரை அங்குலம் ஒசரமா இருக்கணும். அவ்வளவுதான்.”

“நானும் ஏழரைன்னுதான் நெனச்சேன் டீச்சர்” என்றார் ராமசுப்பு.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆங்கிள் இரும்பு, டிரில், ஆக்ஸா பிளேடு, ஸ்பானர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பனவடலிசத்திரம் போனார். தங்கை மாரித்தாயிடமும் காளிராஜிடமும் விஷயத்தைச் சொன்னார். காளிராஜ் சாதுவான மனிதர். பருத்திக்காட்டு வேலையைத் தவிர எதிலும் தலையிட மாட்டார்.

“ஒங்க வீட்டு மேல ஒரு தட்டு இருக்கணும் மாப்ள. பாய் வந்து பாத்துட்டுப் போற வரைக்குந்தான்.”

“தட்டு எங்க மச்சான்?”

“அது பாய்கிட்டல்லா இருக்கு. நான் ஸ்டாண்டு மட்டும் போடுதேன். தட்டுக்கு வேற ஏற்பாடு.”

வேற ஏற்பாடு என்பது ஓரம் உடைந்த ஒரு பழைய பீரோக் கண்ணாடி. ரசம் முழுக்க உரிந்து வெறும் கண்ணாடியாக இருந்தது. அதை நாலடிக்கு ஒரு அடியாக அறுத்துச் சட்டம் போட்டுக்கொண்டார்.

முதல் ஸ்டாண்டைத் தெருவிலிருந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சுயரத்துக்குப் போட்டார். தெரு வடக்கே இருந்தது. தட்டும் வடக்கே பார்த்தது. டீச்சர் தெற்கு என்றது அவருக்கு ஞாபகம் வருவதற்கு முன்பே ஆனிக் காற்றுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மத்தியானம் ஒரே தூக்கு. ஸ்டாண்டு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு வைக்கோல்போரில் தலைகுப்புற விழுந்தது. வைக்கோல் என்பதால் கண்ணாடி தப்பியது. போரில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

உயரந்தான் தப்பு என்று ராமசுப்புவுக்குப் புரிந்தது. இரண்டாவது ஸ்டாண்டை முழங்காலுக்கும் கீழே குறைத்தார். நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, உச்சிவேளையில் நூலின் நிழல் விழுந்த கோட்டை வைத்துத் தெற்கைக் குறித்தார். தளம் ஏற்றஇறக்கமாக இருந்ததால் ரசமட்டம் வைத்து ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அளந்து வெட்டினார். எல்லாம் சுத்தம். கடைசியில் கால் அசையாமல் இருக்கத் தளத்தில் எட்டு ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கினார். அடுத்த நாள் ஒரு சாரல் அடித்தது. எட்டு ஓட்டையில் ஏழு, காளிராஜ் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்கு நேர்மேலே இருந்தன.

“மச்சான், எட்டாவது எங்க?” என்று நனைந்த தலையோடு கேட்டார் காளிராஜ்.

“அது அரிசிப் பானைக்கு மேல இருக்கு” என்றாள் மாரித்தாய், உள்ளேயிருந்து.

ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தார். மூன்றாவது ஸ்டாண்டைத் தளத்தைத் துளைக்காமல் வெறுமனே வைத்து, காலுக்கு நாலு செங்கல் அண்டை கொடுத்தார். அது பறக்கவில்லை. ஆனால் நடந்தது. காற்றுக்குத் தடதடவென்று ஆடி ஆடி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, இரண்டு நாளில் கைப்பிடிச் சுவர் இல்லாத வடக்கு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கால் அந்தரத்தில் தொங்க, தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் காளிராஜ் வீட்டுப் பக்கம் நடக்கும்போது எதிர்ச்சாரியில் நடந்தார்கள்.

அந்தத் தடதடப்பு வேறு காளிராஜைத் தூங்கவிடவில்லை. “பாரம் வைங்க மச்சான், பெரும்பாரமா வைங்க” என்று கெஞ்சினார். வீட்டிலேயே பெரும்பாரம் எது என்று ராமசுப்பு சுற்றிப் பார்த்தார். கொல்லையில் மாரித்தாயின் ஆட்டுக்கல் இருந்தது.

நாலு பேர் சேர்ந்து, இரண்டு பேர் வைதுகொண்டே, ஆட்டுக்கல்லையும் அம்மியையும் மாடியில் ஏற்றினார்கள். ராமசுப்பு இப்போது கால்களை அடியில் ஆங்கிளால் இணைத்து ஒரு சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தின் மேல் ஒருபக்கம் ஆட்டுக்கல், மறுபக்கம் அம்மி என்று உட்காரவைத்தார். தட்டும் இரும்பும் சேரும் இடத்திலெல்லாம் சைக்கிள் டியூப்பை வெட்டி வாஷராகக் கொடுத்தார். தடதடப்பு நின்றது. காற்று சுழன்று சுழன்று அடித்துப் பார்த்துவிட்டு, வெறுத்துப்போய்ப் புளியமரத்துக்குப் போனது.

“அப்ப மாவாட்ட நான் எங்க போறது?” என்றாள் மாரித்தாய்.

கேட்ட கையோடு அவளே ஊறவைத்த அரிசியை எடுத்துக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள். அங்கே காற்று நன்றாக இருந்ததால் பிறகு யாரையும் கேட்கவில்லை.

மைதீன் நேராக அங்கேயே வருவதாகச் சொல்லியனுப்பிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ராமசுப்பு துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துக் கண்ணாடியின் மேல் பூசினார். மங்கலாகத் தெரிந்தது. அதனால் அதன் மேலேயே இன்னொரு கை பூசினார். தட்டிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இறக்கி, யாரும் பார்க்காத இடத்தில் வீட்டு மெயினோடு சேர்த்து, கூடத்தில் ஒரு பல்பை எரியவிட்டார்.

மைதீன் வந்ததும் பல்பைப் பார்த்துப் பூரித்துப்போனார். “மாஷா அல்லாஹ்! பேட்டரி இல்லாமலேயா எரியுது?”

“நேரடியா இழுக்குது பாய். நம்ம ஊரு வெயிலு அப்படி” என்றார் ராமசுப்பு.

சரியாகப் பதினோரு மணிக்கு எதிர்வீட்டு மாவுமில் விர்ரென்று இறங்கி நின்றது. கோவில் ரேடியோ பாட்டை விழுங்கியது. கூடத்தில் பல்பும் அணைந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

“மேகம் மறைச்சுட்டு பாய்” என்றார் ராமசுப்பு.

மைதீன் வாசலுக்குப் போய் வானத்தை நாலு திசையும் பார்த்தார். ஒரு காக்கைகூட மறைக்கவில்லை. பிறகு ஏணியில் ஏறினார்.

மேலே மாரித்தாய் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பாயைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்தாள். கை மட்டும் நிற்கவில்லை. மைதீனின் கையும் சும்மா இருக்கவில்லை. ஆறு வருஷப் பழக்கம். தட்டைக் கண்டதும் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மேலிருந்து கீழாக நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். கைக்குட்டை நீலமானது. தட்டு வெள்ளையானது. அதன் வழியாக அடியில் படுத்திருந்த பூனை தெரிந்தது.

ஏணியின் உச்சிப்படியில் நின்ற ராமசுப்பு அப்படியே ஒரு படி கீழே இறங்கினார்.

மைதீன் கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். பிறகு குனிந்து தட்டின் அடியில் கையை விட்டார். சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. காலை ஊன்றி இரண்டு கையாலும் தள்ளினார். மாரித்தாயின் உளுந்து மட்டும் கொஞ்சம் தளும்பியது.

“அண்ணாச்சி, மேல வாங்க. எங்க கம்பெனியில தட்டு காத்துக்குக் கடகடன்னு ஆடும். இது சத்தமே போடலியே?”

“சைக்கிள் டியூப்பு பாய்” என்றது ஏணியிலிருந்து ஒரு மெல்லிய குரல்.

“தளத்துல ஓட்டையும் போடலியே?”

“போட்டா ஒழுகும் பாய். அது எனக்கு நல்லாத் தெரியும்.”

“தட்டு கள்ளத்தட்டு. ஆனா ஸ்டாண்டு நெசமான ஸ்டாண்டு” என்றார் மைதீன். “நாலு போட்டேன்னு ஏன் பொய் சொன்னிய?”

“அது பொய் இல்ல பாய்” என்று மாரித்தாய் மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். “மூணு போச்சு. இது நாலாவது.”

மைதீன் சிரிக்க ஆரம்பித்தவர், பிடிப்புக்கு அந்த ஸ்டாண்டையே பிடித்துக்கொண்டு சிரித்தார். அது அதையும் தாங்கியது. ராமசுப்புவுக்கு அழுகை வரும்போல இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நட்டை முறுக்கினார்.

அடுத்த வாரம் மைதீன் வீட்டு மொட்டைமாடியில் நிஜத் தட்டு ஏறியது. அவர் மனைவி ஜுலைகா பீவி ஆட்டுக்கல்லைத் தரமுடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ராமசுப்பு சிமெண்டில் நாலு கட்டை வார்த்துச் சட்டத்தின் மேல் வைத்தார். எல்லாம் முடிந்து, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் கையில் மிஞ்சியது.

“இது எதுல எது பாய்? எனக்குத் தெரியாது” என்றார்.

மைதீன் ஒருகணம் அவரையே பார்த்தார். பிறகு தானும் தலையைச் சொறிந்தார். “நான் தொடச்சதோட சரி அண்ணாச்சி.” ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்து மாட்டினார்கள். சாயந்தரம் கரண்டு போனபோது அந்தத் தெருவிலேயே ஒரு டியூப்லைட் மட்டும் எரிந்தது. தெருக்கூட்டம் அத்தனையும் மைதீன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜுலைகா பீவி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து அலுத்துப்போய், கரண்டு சீக்கிரம் வந்தால் தேவலை என்றார்.

மூன்று வருஷம் கழித்து மைதீன் லீவில் வந்தபோது இன்னொரு பழைய தட்டையும் கொண்டுவந்தார். மேலநீலிதநல்லூருக்கு வெளியே தோட்டத்தில் வீடு வைத்திருந்த அவருடைய சிநேகிதர் மூக்காண்டி அதை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது ஓட்டுக்கூரை. ஓட்டில் பாரம் வைக்க முடியாது. ராமசுப்பு முழுதாக ஒருநாள் கீழே நின்று கூரையையே பார்த்தார். மறுநாள் நாலு ஓடுகளை மட்டும் விலக்கி, அடியிலிருந்த உத்திரக்கட்டையில் இரும்புக் கொக்கியை மாட்டி மேலே கொண்டுவந்து, ஓடுகளைத் திரும்ப மூடி, கொக்கியின் மேல் தட்டை நிறுத்த ஆரம்பித்தார். மூன்று கொக்கி முடிந்து நாலாவதை முறுக்கும்போது பின்னால் கைநீட்டினார். ஏணி இல்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்ட யாரோ வந்து எடுத்துப் போயிருந்தார்கள். ராமசுப்பு, “ஏலே, ஏணி! ஏணி!” என்று கத்தினார். அதற்குள் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. ‘ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று அது பத்து மடங்கு சத்தமாகத் திருப்பிக் கத்தியது. மூக்காண்டி ஒரு கயிற்றை மேலே வீசி, அதில் தூக்குவாளியைக் கட்டி, காபி அனுப்பினார். ராமசுப்பு ஓட்டின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, கல்யாணப் பாட்டுக்குத் தாளமாக நாலாவது கொக்கியை முறுக்கினார். மாப்பிள்ளை அழைப்பு அந்த வழியாகத்தான் போனது. கூரைமேல் இருப்பவர் யார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. பெண்வீட்டு ஏற்பாடாக இருக்கும் என்று நினைத்துக் கும்பிட்டார். ராமசுப்புவும் ஸ்பானரோடு கையெடுத்துக் கும்பிட்டார்.