ரீத்தம்மா அக்கா விட்டுவைத்த மூலை

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணி அரியலூர் பஸ்ஸில் ரீத்தம்மா அக்கா வந்து இறங்கவில்லை. பெரம்பலூரில் உள்ள என் ஸ்டேஷனரி கடையின் ஷட்டரை அவர் வந்த பிறகுதான் முழுதாகத் தூக்குவது வழக்கம். பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடி நின்றபோது அவர் மகள் ஜெனிபரின் போன் வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க. காபி போட்டுட்டு ஒக்காந்தாங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க மாமா."

நான் வியாபாரி. மறைக்காமல் சொல்கிறேன். அடக்கம் முடிந்து கடைக்குத் திரும்பிய மறுநாளே, பின்பக்கம் அவர் மேசை கிடந்த இடத்தில் புது ரேக் ஒன்று வைக்கலாம் என்று என் கண் அளந்துவிட்டது. நாலடிக்கு ஆறடி. அக்காவைத் தெரிந்த நீங்கள் இதைப் படித்தால் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

பதினோரு வருடம் அவர் என் கடையில் ஒட்டு ஆல்பம் செய்தார். போட்டோ, கல்யாணப் பத்திரிகையின் ஓரம், முகூர்த்தச் சேலையின் நூல், பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் கையால் வெட்டி ஒட்டிச் செய்கிற ஆல்பம். நகரத்தில் ஸ்கிராப்புக் என்பார்கள். ஆரம்பத்தில் நான் போனில் வெளிநாட்டுப் பக்கங்களைத் தேடி எடுத்து, "இதே மாதிரி போட்டுடுங்கக்கா, சீக்கிரம் முடியும்" என்பேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எவன் வூடோ! நம்ம ஆளுங்க அதுல போயி எங்க ஒக்காருவாங்க?"

அக்கா மாதிரிகளைத் தேடிய விதம் வேறு. ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக்கே பஸ் ஏறிப் போவார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அது வரும்வரை சுற்றிப் பார்ப்பார். அவ்வளவுதான். அரும்பாவூரில் ஒரு விவசாயி வீட்டில் மக்காச்சோளக் கதிர்களை இரண்டிரண்டாக முடிந்து கம்பியில் தொங்கவிட்டிருந்தார்களாம். அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் போட்டோக்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. ரஞ்சன்குடியில் ஒரு வீட்டில் தண்ணீர் வரத் தாமதமானது. அதுவரை ஜன்னலில் தெரிந்த கோட்டைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய கல்லுக்கு நடுவே பொடிக்கல் திணித்த சுவர். அந்த வீட்டு ஆல்பத்தில் ஒரு பெரிய குடும்பப் படத்தைச் சுற்றி, சொந்தக்காரர்களின் சின்னச் சின்ன முகங்களை அதே போலத் திணித்து ஒருவரையும் விடாமல் முடித்தார். "கோவிச்சுக்க ஒரு சித்தப்பனுக்கும் வழியில்ல, பாத்துக்க" என்று சிரித்தார்.

"ஒரு சொம்புத் தண்ணிக்கு இவ்ளோ தூரமாக்கா?" என்று கேலி செய்வேன்.

"தண்ணி எல்லா வூட்லயும் ஒண்ணுதான் தம்பி. சொம்ப வச்சிருக்கற எடம்தான் வேற."

நான் செய்த தவறையும் எழுதத்தான் வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய ஒருவர் இறந்துபோனார். முதல் வருட நினைவுக்கு அவர் மனைவி ஆல்பம் கேட்டார். அக்கா முடித்துவைத்துவிட்டு ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் வலது கீழ்மூலை காலி. அவசரத்தில் விட்டுவிட்டார் போல என்று நினைத்தேன். கடையில் விற்காமல் கிடந்த தங்கநிறப் பூ ஸ்டிக்கர்களை எடுத்து மூலைக்கு ஒன்றாக ஒட்டினேன். எனக்கு வெற்றிடத்தைக் கண்டால் கை பரபரக்கும்.

அந்தப் பெண் வாங்க வந்த அன்று அக்காவும் திரும்பியிருந்தார். அந்தப் பெண் முதல் பக்கத்தைத் திறந்தார். பூவின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே செய்தார். அக்கா எழுந்து வந்து ஆல்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாள் குடும்மா."

அந்தப் பெண் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்த வூட்ல சாப்பிட ஒக்காந்தா கதவோர மூலைய விட்டுட்டுத்தான் ஒக்காருறாங்க. அவரு ஒக்காந்த எடம். புள்ளைங்ககூட மிதிக்கறதில்ல. ஒனக்கு எடம் காலியா இருந்தா சரக்கு எறக்கணும். அது காலி இல்ல தம்பி. ஆளு இருக்கற எடம்."

ஸ்டிக்கரை உரித்தால் தாளும் சேர்ந்து வந்தது. எல்லாப் பக்கங்களையும் புதிதாகச் செய்தார். ஒரு வாரம் என்னிடம் "கத்திரி", "கோந்து" தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

இப்போது முப்பதாம் நாள் பூசைக்கு ஜெனிபர் தன் அம்மாவுக்கு ஒரு ஆல்பம் கேட்டாள். "கடைசி ஆல்பம் மாமா. நீங்கதான் செய்யணும்." ஊருக்கெல்லாம் ஆல்பம் செய்தவருக்குக் கிடைத்தவை நாலே படங்கள். வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். போனைத் திறந்தேன். ஆயிரம் மாதிரிகள் வந்தன. எதிலும் அக்கா உட்காரவில்லை. பூசைக்கு நாலு நாள்தான் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. பதினோரு வருடத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனதே இல்லை. அடக்கத்தன்றும் வாசல் பந்தலோடு நின்று திரும்பிவிட்டேன். அரியலூருக்கு பஸ் ஏறினேன். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றேன். ஜெனிபர் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். நிதானமாகவே உள்ளே போனாள்.

ஜன்னலோரம் அவருடைய வெட்டுப்பலகை சாய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வேலை செய்த பலகை. மேலெல்லாம் கத்தி கிழித்த கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டம் கட்டமாக. யார் யார் வீட்டுப் படங்களின் ஓரங்களோ அவை. இடப்பக்கம் நடுவில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை. அழுத்திப் பிடிக்க இடது கையை ஊன்றிய இடம். வழவழப்பாக இருந்தது.

அந்தக் கோடுகளைத் தாளில் பென்சிலால் அப்படியே நகலெடுத்தேன். நாலு படங்களையும் கட்டங்களுக்குள் ஒட்டினேன். கை ஊன்றிய இடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. பூசை முடிந்து ஆல்பத்தைத் திறந்த ஜெனிபர், யாரும் சொல்லாமலேயே அந்த இடத்தில் தன் கையை வைத்தாள். அவள் கை சிறியது. சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது தண்ணீர் கேட்கும் பழக்கம். இப்போது ஆர்டர் வந்தால் நானே போகிறேன். அவரைப் போலப் பார்க்கத் தெரியவில்லை. ஆனாலும் சொம்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறேன்.

மேசையை ஜெனிபர் எடுத்துப் போய்விட்டாள். ரேக் வாங்கவில்லை. நாலடிக்கு ஆறடி அப்படியே கிடக்கிறது. சரக்கு இறக்க வருபவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அங்குதான் போகிறார்கள்.

"அங்க வேணாம்ப்பா," என்கிறேன். "ஆளு இருக்கு."