எந்தப் பக்கம் வாசல்

எங்கள் குப்பத்தில் வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் சாஸ்திரம் பார்த்ததில்லை. வாசல் என்றால் கடலைப் பார்த்துத்தான். முதலில் வந்தவர்கள், கட்டுமரத்தை இழுத்துப் போட வாகான கரையையும், மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் இடத்தையும் பார்த்துக் குடியேறினார்கள். பிறகு வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால். ஆனால் பின்வரிசைக்காரர்களுக்கும் கடல் தெரியும்படி நடுவில் சந்து விட்டுத்தான் கட்ட வேண்டும். அதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடல் ஏறி முன்வரிசையைத் தின்றபோது, வீடு போனவர்கள் எல்லோருக்கும் பின்னால் போய்க் கட்டினார்கள். அங்கேயும் வாசல் கடலைப் பார்த்தே இருந்தது.

போன ஆள் திரும்புகிறாரா என்று பார்க்கத்தான் அந்த வாசல். அப்பாவின் படகு கண்ணில் படும்வரை அம்மா வாசலை விட்டு நகரமாட்டாள். பட்டதும் உள்ளே போய் உலை வைப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த எனக்கு நெய்வேலி குவார்ட்டர்ஸில் வாழ்க்கை அமைந்தது. நல்ல வீடு, சுற்றிலும் மரங்கள். ஆனால் வாசலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கல்யாணமான நாளிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி என் கணவரின் உயிரை வாங்கினேன். மைன்ஸில் வேலை பார்த்த அவர், மழைக்கே ஏங்கும் தெற்குச் சீமைக்காரர்.

"ரிட்டயர் ஆனதும் கடலப் பாத்து வாசல் வச்சுத் தர்றேன் தாயே, ஆள விடு" என்பார்.

சொன்னபடியே நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ஒரு மூலை மனை வாங்கினார். கிழக்கிலும் தெற்கிலும் தெரு. மேஸ்திரி அளந்து கோடு போட்ட அன்று, விடியலில் கடலுக்குப் போய்வந்த கையோடு என் அண்ணனும் பஸ் ஏறி வந்துவிட்டார். கிழக்கு வாசலுக்குச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

"நேரா போனா நம்ம கடல்தாம்மா" என்று அண்ணன் கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் மகளுக்கும் மைன்ஸில்தான் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக மனைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நேரமாகியும் காணோம்.

"வாசல் அங்க இருக்குது. நீ ஏம்மா இங்கயே நின்னுகினு இருக்கற?" என்றார் அண்ணன்.

அப்போதுதான் கவனித்தேன். மைன்ஸிலிருந்து வரும் தெற்குத் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

"மேஸ்திரி, அந்தக் கோட்ட அழிச்சிடுங்க. வாசல் இந்தப் பக்கம் இருக்கட்டும்."

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தன வருசமா கடல் கடல்னு உசுர வாங்கிட்டு! தெக்கு வாசல் ஆகாதுன்னு எங்கூர்ல பச்சப்புள்ளகூடச் சொல்லும்."

"அண்ணன் வர்றத அண்ணி பாத்துக்குவாங்க. எம் பொண்ணு இந்தப் பக்கமாத்தாங்க வரணும்."

அண்ணன் சிரித்துக்கொண்டே கிழக்குக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

குடிவந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கிழக்கே பெரிய ஜன்னல் இருக்கிறது. காற்று வருகிறது, அது போதும். இன்று நல்ல மழை. ஷிப்ட் விட்டு வெகுநேரமாகியும் மகள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வாசலை விட்டு நான் நகரவில்லை. கடைசியில் தெருமுனையில் அவள் ஸ்கூட்டர் திரும்பியது. உள்ளே போய் உலை வைத்தேன்.