குணவதியின் படத்துக்கு மாலை

குணவதி அக்கா இளம் வயதிலேயே செத்துப்போனார் என்று ஆக்லாந்துத் தமிழர்களில் பலர் இன்றும் நம்புகிறார்கள். நேற்று மத்தியானம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ், அவருக்குச் சலவை அறையில் வேலை. ஊறுகாய் கொண்டுவர மறந்துவிட்டேன் என்று என்னைத் திட்டவும் செய்தார்.

அவருடைய அப்பா கோதண்டராமன் எழுபதுகளில் என்ஜினியர் வேலைக்கு இங்கே வந்தவர். கிளென் ஈடனில் ரயில் பாதையை ஒட்டி ஒரு மரவீடு வாங்கினார். அப்போது தமிழ்நாட்டிலிருந்து யார் வந்து இறங்கினாலும் முதல் சாப்பாடு அந்த வீட்டில்தான். கோயில் வருவதற்கு முன்னால் பூஜையும் அங்கே, பஜனையும் அங்கே. மனுஷர் வாரி வாரிக் கொடுத்தார், அதை மறுக்க முடியாது. ஆனால் ஊருக்கெல்லாம் திறந்த கதவு பெற்ற மகளுக்கு மட்டும் அடைத்துக்கொண்டது.

மகள் செய்த குற்றம், நரேந்திராவைக் கட்டிக்கொண்டது. அவர் ஃபிஜிக்காரர், கார் மெக்கானிக். அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து ஃபிஜிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். மூன்று தலைமுறையில் தமிழ் போய் இந்தி வந்துவிட்டது. "கூலிக்குப் போன வம்சத்துல எம் பொண்ணா?" என்று கோதண்டராமன் குதித்தார். என்ஜினியர் மட்டும் சம்பளம் வாங்காமல் தர்மத்துக்கா கப்பலேறினார்? அதைக் கேட்க அன்று அங்கே ஆளில்லை.

பதிவுத் திருமணம் முடிந்த அன்றே தலைமுழுகினார். நம்மூரில் வாய்வார்த்தைக்குச் சொல்வதை இவர் நிஜமாகவே செய்தார். குளித்துவிட்டு வந்து, மகளின் கல்லூரிப் படத்தைச் சட்டம் போட்டு, இறந்துபோன தன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாலை போட்டார், பொட்டும் வைத்தார். கேட்டவர்களிடம், "பொண்ணு தவறிட்டா" என்றார். மனைவி பங்கஜம் வாயைத் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

பிறகு வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. கல்யாணமாகாமல் போன பெண் என்றால் நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கன்னித் தெய்வமாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தின் முன்னால் வேண்டிக்கொண்ட யாருக்கோ விசா கிடைத்தது. அவ்வளவுதான், படத்துக்குப் பட்டுப்பாவாடையும் கண்ணாடி வளையலும் வந்து குவிந்தன. அந்தக் கன்னி ஹென்டர்சனில் பிள்ளை பெற்று, கிழவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் கோதண்டராமன் காலமானார். ஹில்ஸ்பரோவில் இருக்கும் மகன் சுந்தரமூர்த்தி அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். வீட்டை ஒரு அறக்கட்டளை எடுத்து, 'முதல் வீடு' என்று பெயர் வைத்து அருங்காட்சியகமாக்கியது. திறப்புவிழா நோட்டீஸ் மளிகைக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. திறந்துவைப்பவர் திருமதி பங்கஜம் கோதண்டராமன்.

"என்னைக் கூட்டிட்டுப் போறியா சிந்து?" என்று அக்கா கேட்டார்.

"அங்க போயி அசிங்கப்படணுமாக்கா?"

"அப்பாவுக்குப் பயந்துதான் அம்மா பேசல. அப்பாதான் போயிட்டாரே. என் வீட்டுக்காரர் போனதை அம்மாகிட்ட நான்தான் சொல்லணும்."

போன குளிர்காலத்தில் நரேந்திரா மாரடைப்பில் இறந்துவிட்டார். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அக்காவுக்கு யாரும் கொண்டுவரவில்லை. தம்பிக்குப் போட்ட மெசேஜுக்குப் பதிலே இல்லை. அக்காவுக்கு வேண்டியது அம்மாவின் மடியில் முகத்தை வைத்து ஒரு முறை அழுவது. அதற்காகத்தான் போனோம்.

வாசலில் செருப்புக் குவியல். உள்ளே, கப்பலில் வந்த ஆட்டுக்கல்லைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் அக்கா படுத்த அறையில்தான் இப்போது படம் இருந்தது. கீழே கண்ணாடிப் பெட்டியில் பாவாடைகள். 'இளம் வயதில் மறைந்த மகள் குணவதி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை. ஒரு இளம் தம்பதி கண்ணை மூடி நின்றிருந்தார்கள். அவர்கள் முடிக்கட்டும் என்று அக்கா ஒதுங்கி நின்றார். எனக்கு அந்தப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

சுந்தரமூர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"இன்னிக்கா வரணும் நீ?"

"அம்மாவைப் பாத்துட்டுப் போயிடறேன்டா."

"இத்தனை பேர் முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்? நம்பி வந்து கும்பிடறாங்கக்கா. அப்பா பேரு என்னாகும்?"

"நான் உயிரோட இருக்கேன்டா."

"மெதுவாப் பேசு" என்றார் தம்பி.

அதற்குள் பங்கஜம் அம்மாள் குங்குமத் தட்டோடு அறைக்குள் வந்துவிட்டார். எண்பதைத் தாண்டியவர், ஆனாலும் நடையில் தளர்ச்சி இல்லை. புருஷனை இழந்தவர் குங்குமம் கொடுப்பது வழக்கமில்லை, ஆனால் கன்னித் தெய்வத்தைப் பெற்றவர் என்று அவர் கையால் வாங்கத்தான் எல்லோரும் நின்றார்கள். வரிசையாகப் பெண்களுக்குக் குங்குமம் நீட்டிக்கொண்டே வந்தார். எனக்கு நீட்டினார். அடுத்து அக்காவுக்கு. நிமிர்ந்து பார்த்தார். தட்டு அப்படியே நின்றது. தெரிந்துகொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

அக்கா சின்னக் குரலில், "எனக்கு வேண்டாம்மா. அவர் போயிட்டார்" என்றார்.

அந்த அம்மாளின் உதடு கோணியது. இதோ கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நான் ஒரு அடி விலகி இடம் விட்டேன். பின்னால் வரிசையில் நின்றிருந்த யாரோ, "மாமி, படத்துக்கு வைங்கோ, எல்லாரும் காத்துண்டிருக்கா" என்றார்கள். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைத் தாண்டிப் போய், எக்கி, படத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். அக்காவும் கைகூப்பினார், கூட்டத்தில் வேறு என்ன செய்வார்?

காரில் ஏறியதும் எனக்குத்தான் அழுகை வந்தது. "அவங்களுக்கு வயசாச்சுக்கா, கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது" என்று எதையோ உளறினேன்.

அக்கா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியாம இருந்தா நல்லா இருந்திருக்கும் சிந்து. அடுத்த வாரம் திரும்ப வந்திருப்பேன்."